ஒளிவிழாவை ஜனவரிக்கு மாற்றுவோமா?

கடந்த ஆண்டு திருவருகைக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு. எங்கள் தமிழ்ப் பூசை மாலை ஐந்து மணிக்கு. அதற்கு முன்னர் நாலு மணியிலிருந்து பாவசங்கீர்த்தனத்துக்கு நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது. ஒரு மாதத்துக்கு முன்பே பூசையில் அறிவித்திருந்தார்கள், வாட்ஸ்அப் குழுவிலும் போட்டிருந்தார்கள். ஜேர்மனியில் ஒரு தமிழ்க் குருவானவர் எத்தனை நகரங்களுக்கு ஓட வேண்டியிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அன்றைக்கும் அவர் இரண்டு மணித்தியாலம் ரெயினில் வந்து, கோட்டைக் கழற்றிய கையோடு போய் உட்கார்ந்துவிட்டார்.

கோவிலுக்குக் கீழே மண்டபத்தில் நாங்கள் நாற்பது பேர் ஒளிவிழா ஒத்திகையில் நின்றோம். இடையர் நடனம் சரிவரவில்லை. சின்னப் பிள்ளைகள் இடமும் வலமும் மாறி மாறித் திரும்பினார்கள். பாட்டை மறுபடி மறுபடி முதலிலிருந்து போட்டோம். நாலரை மணி போல் குருவானவர் படியிறங்கி வந்தார். கோபம் ஒன்றும் இல்லை. "பிள்ளைகள், பாட்டின்ர சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கேலுமோ? மேல ஆக்கள் கதைக்கிறது எனக்குக் கேக்குதில்லை" என்றார். மன்னிப்புக் கேட்டோம், சத்தத்தைக் குறைத்தோம், திரும்பவும் ஆடத் தொடங்கினோம். எங்களில் ஒருவருக்குக்கூட அவருக்குப் பின்னால் படியேறிப் போக வேண்டும் என்று தோன்றவில்லை.

அந்த ஒரு மணித்தியாலத்தில் மேலே போனவர்கள் மூன்று பேர். மூவரும் அம்மம்மாக்கள். அடுத்த கிழமை அவர்களில் ஒருவர் சொல்லித்தான் இது எங்களுக்குத் தெரியும். குறை சொல்வதற்காக அவர் சொல்லவில்லை. "வரிசை இல்லாதபடியா ஆறுதலாப் பேசலாம் எண்டு சந்தோசம் பிள்ளை" என்றார்.

ஒளிவிழா நன்றாக நடந்தது. அதையும் சொல்ல வேண்டும். மண்டபம் நிரம்பியது, இந்து நண்பர்களும் குடும்பத்தோடு வந்தார்கள், வன்னியில் உள்ள பிள்ளைகளுக்கு அனுப்பப் பணமும் சேர்ந்தது. ஆனால் நத்தார் அன்று பிற்பகல் தமிழ்ப் பூசைக்கு வந்தபோது எங்களில் பாதிப்பேர் களைத்துப்போயிருந்தோம். வானவர் கீதம் தொடங்கியபோது பாடுவதற்குத் தொண்டை இல்லை. திருவருகைக்கால ஞாயிறுகளில் திருச்சபை வானவர் கீதத்தை ஏன் விட்டுவிடுகிறது என்று மறைக்கல்வியில் படித்திருக்கிறோம். நத்தார் இரவில் அது புதிதாக ஒலிக்க வேண்டும் என்பதற்காக. எங்களுக்கோ அந்த நாலு கிழமையும் ஒலிபெருக்கியில் பாலன் பிறந்துகொண்டே இருந்தார். பிறந்த நாளில் எங்களிடம் புதிதாக ஒன்றும் மிஞ்சவில்லை.

கோடை விடுமுறையிலிருந்து இதைப் பற்றி எங்களுக்குள் கதைத்து வந்தோம். இந்த இதழில் எழுதிவிடுவதென்று தீர்மானித்தோம். எங்கள் கருத்து இதுதான்: ஒளிவிழாவையும் வீட்டுக்கு வீடு போகும் கரோலையும் டிசம்பர் 25க்குப் பிறகு வைத்துக்கொள்வோம். திருவருகைக்காலத்தைத் திருவருகைக்காலமாகவே விட்டுவிடுவோம்.

இது ஏதோ கடுமையான ஆட்களின் யோசனை என்று நினைக்க வேண்டாம். முந்திய காலத்துக் கடுமையோடு ஒப்பிட்டால் நாங்கள் கேட்பது மிகவும் சின்ன விடயம். மேற்குத் திருச்சபையின் பல பகுதிகளில் ஒரு காலத்தில் புனித மார்ட்டின் திருநாளான நவம்பர் 11 முடிந்த கையோடு நத்தாருக்கான நோன்பு தொடங்கிவிடும். தவக்காலத்தைப் போலவே. சின்ன வயதில் பாடசாலையிலிருந்து காகித விளக்கைப் பிடித்துக்கொண்டு மார்ட்டின் ஊர்வலம் போனோமே, அந்த நாள் ஒரு நோன்பின் வாசல் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இன்று எஞ்சியிருப்பது நாலு ஞாயிறுகள் மட்டும். ஆண்டைப் பொறுத்து 22 நாளிலிருந்து 28 நாள் வரை. அதற்குள்ளும் இரண்டு பகுதி உண்டு. டிசம்பர் 16 வரை வாசகங்கள் பெரும்பாலும் ஆண்டவரின் இரண்டாம் வருகையைப் பற்றியும் திருமுழுக்கு யோவானைப் பற்றியும் பேசும். 17ஆம் திகதியிலிருந்துதான் பெத்லகேமை நோக்கி முகம் திரும்பும். நாங்கள் ஒத்திகைக்கு ஓடிய ஞாயிறுகளில் யோவான் பாலைவனத்தில் நின்று மனம் மாறச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாம் வாழும் இந்த நாட்டுக்குக் காத்திருக்கத் தெரிந்திருந்தது. வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை நாம் பார்க்கும் திருவருகை வளையம் இங்கே பிறந்தது. 1839இல் ஹம்பேர்க்கில் யோஹான் ஹின்றிஷ் விஷேர்ன் என்ற புரட்டஸ்தாந்துப் போதகர் ஏழைப் பிள்ளைகளுக்காக ஓர் இல்லம் நடத்திவந்தார். நத்தார் எப்போது, நத்தார் எப்போது என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். அவர் ஒரு வண்டிச் சில்லில் வாரநாட்களுக்கு 20 சின்னச் சிவப்பு மெழுகுதிரிகளையும் ஞாயிறுகளுக்கு 4 பெரிய வெள்ளை மெழுகுதிரிகளையும் வைத்து, நாளுக்கு ஒன்றாக ஏற்றினார். பிள்ளைகளுக்கு நாட்களை எண்ணத் தெரிந்தது, வெளிச்சமும் நாளுக்கு நாள் கூடியது. கத்தோலிக்கக் கோவில்களுக்குள் அது வரக் கிட்டத்தட்ட நூறு ஆண்டு எடுத்தது. கேல்ன் நகரில் 1925இல் ஒரு கத்தோலிக்கக் கோவிலில் முதன்முதல் தொங்கவிடப்பட்டதாகச் சொல்வார்கள். எங்கள் மண்டபத்திலும் அந்த வளையம் இருந்தது. மேடை அலங்காரத்துக்காக நாலு திரியையும் முதல் கிழமையிலேயே ஏற்றிப் படம் எடுத்துப் போட்டோம்.

ஒளிவிழா எப்படி டிசம்பர் தொடக்கத்துக்கு வந்தது? இதை எங்கள் பெற்றோரிடம் கேட்டோம். ஊரில் டிசம்பர் விடுமுறைக்குப் பாடசாலை பூட்டமுன் நடத்தி முடிக்க வேண்டும், பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்பதுதான் பலரும் சொன்ன காரணம். பாடசாலைக்கு அது நியாயமான காரணம். இந்து, இஸ்லாமியப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் இடத்தில் எல்லாரும் கூடியிருக்கும் நாளில் விழா வைக்கத்தானே வேண்டும்? எங்கள் பிள்ளைகளுக்கோ டிசம்பர் இருபதாம் திகதிக்குக் கிட்டமட்டும் பாடசாலை இருக்கிறது. ஊரில் இருந்த காரணம் இங்கே இல்லை. திகதி மட்டும் பெட்டியில் வைத்துக் கொண்டுவரப்பட்டிருக்கிறது.

ஒளி என்ற சொல்லுக்குத் திருவழிபாட்டு ஆண்டில் இதைவிடப் பொருத்தமான நாட்கள் இருக்கின்றன. ஜனவரி 6 மூவிராசாக்கள் திருநாள். அன்றைய கதையே ஒரு விண்மீனைப் பற்றியது, அதுவும் பிற இனத்தவருக்குத் தெரிந்த விண்மீன். எங்கள் இந்து நண்பர்களை அழைக்க அதைவிடப் பொருத்தமான நாள் எது? பெப்ரவரி 2 ஆண்டவரைக் கோவிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த விழா. சிமியோன் குழந்தையைக் கையில் ஏந்தி அவரை ஒளி என்று அழைத்த நாள். அன்று மெழுகுதிரிகளை மந்திரித்து ஊர்வலம் போகிறோம். இங்குள்ள பல கோவில்களில் பாலன் குடில் அதுமட்டும் கலைக்கப்படாமல் இருக்கும். நாங்கள் 26ஆம் திகதியே குடிலின் மின்குமிழ்களைச் சுருட்டி வைக்கிறோம். திருச்சபையின் நத்தார்க்காலம் அப்போதுதான் இரண்டாம் நாள். ஆண்டவரின் திருமுழுக்கு விழாமட்டும் அது தொடர்கிறது.

கரோலும் அப்படித்தான். எங்கள் பாடசாலை நண்பர்கள் ராசாக்களின் உடையில், கையில் விண்மீனோடு ஜனவரி முதல் கிழமையில் வீடு வீடாகப் போகிறார்களே, ஸ்டேர்ன்சிங்கர். நாடு முழுவதற்குமான அந்தச் சேகரிப்பு 1959இல் தொடங்கியது. கதவு நிலையில் சோக்கால் ஆண்டையும் மூன்று எழுத்தையும் எழுதிவிட்டுப் போவார்கள். கிறிஸ்து இந்த வீட்டை ஆசீர்வதிப்பாராக என்பதன் இலத்தீன் முதலெழுத்துகள் அவை. நத்தார் முடிந்த பிறகு யார் காசு தருவார்கள் என்று கேட்பவர்களுக்கு: அந்தப் பிள்ளைகள் அண்மைய ஆண்டுகளில் சேர்த்தது ஆண்டுக்கு நாலு கோடி யூரோவைத் தாண்டியிருக்கிறது.

கரோலில் எங்களுக்கு இன்னொரு மனக்குறையும் உண்டு. இரண்டு சனிக்கிழமைக்குள் எல்லா வீடும் முடிக்க வேண்டும் என்பதால் ஒரு வீட்டில் பத்து நிமிடம்தான் நிற்க முடிகிறது. இரண்டு பாட்டு, நத்தார் பப்பாவின் ஆட்டம், கேக், உறை, அடுத்த வீடு. நகரத்துக்கு வெளியே தனியாக இருக்கும் முதியவர்களின் வீடு பட்டியலில் கடைசியாக வரும், நேரம் போனால் வெட்டப்படும். கடந்த ஆண்டு அப்படி மூன்று வீடுகளை வெட்டினோம். அதில் ஒரு வீட்டில் பயத்தம் பணியாரம் சுட்டு வைத்துக் காத்திருந்தார்கள் என்று பிறகு தெரிய வந்தது. தொலைபேசியில் சொல்லக்கூட மறந்துபோனோம்.

இனி, எழுதக் கூச்சமான ஒரு விடயம். ஒளிவிழாவில் மரியாள் வேடம் யாருக்கு என்பதில் இரண்டு குடும்பங்களுக்கு இடையில் மனத்தாங்கல் வந்தது. யாருடைய குடும்பம் என்று எழுதமாட்டோம், எல்லாருக்கும் தெரியும். வேடத்தைத் தீர்மானித்தவர்கள் நாங்கள். அவசரத்தில், சரியாக விளக்காமல் தீர்மானித்தோம். பத்து மாதம் போய்விட்டது, அந்த இரண்டு குடும்பமும் பூசையில் சமாதானம் சொல்லும் நேரத்தில் ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரி இரண்டு கரையில் இருக்கிறார்கள். காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு உறவைச் சரிசெய் என்று ஆண்டவர் கேட்டதை மறைக்கல்வி வகுப்பில் நாங்களே சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். இந்த ஆண்டு ஒத்திகை தொடங்க முன்னர் இரண்டு வீட்டுக்கும் போய், பிழை எங்களுடையது என்று சொல்லப் போகிறோம். போன பிறகு என்ன நடக்கும் என்பது எங்கள் கையில் இல்லை.

பாவசங்கீர்த்தனத்துக்கு ஏன் எங்கள் வயதினர் போவதில்லை? ஒத்திகையை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிவிட முடியாது. எங்களுக்குள் வெளிப்படையாகக் கதைத்தபோது முதலில் வந்த பதில் வெட்கமும் அல்ல, நம்பிக்கை இல்லை என்பதும் அல்ல. மொழி. முதல்நன்மைக்குத் தமிழில் ஆயத்தம் செய்தவர்களுக்கு எட்டு ஒன்பது வயதில் கற்ற சொற்கள்தான் இருக்கின்றன: பொய் சொன்னேன், தம்பிக்கு அடித்தேன், அம்மாவுக்குக் கீழ்ப்படியவில்லை. இருபது வயதில் ஒருவர் செய்யும் பாவங்களுக்கு எங்களிடம் தமிழ் இல்லை. தொலைபேசியில் பார்ப்பதை, காதலித்தவரை நடத்திய விதத்தை, வேலையிடத்தில் செய்த ஏமாற்றை, கடவுள் இருக்கிறாரா என்று படுக்கையில் வரும் ஐயத்தை எப்படித் தமிழில் சொல்வது? டொச்சில் சொற்கள் இருக்கின்றன. ஆனால் செபம் தமிழில்தான் வருகிறது. மனஸ்தாப மந்திரத்தை டொச்சில் சொன்னால் படிவம் நிரப்புவதுபோல் இருக்கிறது என்று ஒருத்தி சொன்னாள். எல்லாரும் சிரித்தோம், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

இதைக் குருவானவரிடம் கொண்டு போனோம். அவருக்கு இது புதிதல்ல. பாவத்தை டொச்சில் சொல்லிவிட்டு மனஸ்தாப மந்திரத்தைத் தமிழில் சொல்லலாம், பாதி பாதியாகவும் சொல்லலாம் என்றார். உரைபெயர்ப்பாளர் வைத்துக்கூட ஒருவர் பாவசங்கீர்த்தனம் செய்யலாம் என்று திருச்சபைச் சட்டத்தில் 990ஆம் எண்ணிலேயே இருக்கிறது, அந்த உரைபெயர்ப்பாளரும் இரகசியத்தைக் காக்கக் கடமைப்பட்டவர். எங்களுக்கு உரைபெயர்ப்பாளர் தேவையில்லை. ஆனால் மொழி ஒரு தடையாக இருக்கக்கூடாது என்று சட்டம் எழுதியவர்களே யோசித்திருக்கிறார்கள் என்பது ஆறுதலாக இருந்தது.

தெரிந்த குருவானவரிடம் போகக் கூச்சம் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. பேராலயங்களிலும் துறவியர் மடங்களிலும் உங்களை யாரென்று தெரியாத குருவானவர்கள் கேட்பார்கள். பங்குகளில் திருவருகைக்காலத்தில் வைக்கும் பொதுவான ஒப்புரவு வழிபாட்டுக்குப் போய்விட்டு அதுவே போதும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். நல்ல வழிபாடுதான், ஆன்ம சோதனைக்கு மிகவும் உதவும். ஆனால் தனிப்பட்ட பாவசங்கீர்த்தனமும் பாவமன்னிப்பும் அதில் இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லித் தந்தவர் எங்கள் பங்கின் ஜேர்மன் குருவானவர்.

ஒளிவிழா இல்லாத டிசம்பரில் என்ன செய்வது என்று சிலர் கேட்டார்கள். ஒன்றும் செய்யாமல் இருக்கலாம் என்பதே எங்களில் சிலருடைய பதில், அதையும் நாங்கள் பகிடியாக எடுக்கவில்லை. ஆனால் ஒன்றைப் பரிந்துரைக்க விரும்புகிறோம். ரோராத்தே பூசை. திருவருகைக்காலத்தில் பொழுது விடியமுன், மின்விளக்கை அணைத்துவிட்டு, மெழுகுதிரி வெளிச்சத்தில் மாதாவின் நினைவாக ஒப்புக்கொடுக்கும் பூசை. எசாயா நூலின் 45ஆம் அதிகாரத்திலிருந்து வரும் அதன் வருகைப் பல்லவியின் முதல் இலத்தீன் சொல்தான் பெயராகிவிட்டது. கடந்த ஆண்டு எங்களில் நாலு பேர் தற்செயலாகப் போனோம். ஆறு மணி, வெளியே கடும் குளிர், உள்ளேயும் அவ்வளவு சூடில்லை. பக்கத்தில் இருப்பவரின் முகம் தெரியாது. பூசை முடியும்போது கண்ணாடி யன்னல்கள் மெல்ல நீலமாகத் தொடங்கின. பிறகு பங்கு மண்டபத்தில் பாணும் கோப்பியும் தந்தார்கள். முழு டிசம்பரிலும் நாங்கள் எதற்காகவோ காத்திருந்ததாக உணர்ந்தது அந்த ஒரு காலையில்தான். விடியற்காலையில் தேவாரம் பாடிக்கொண்டு போகும் மார்கழியைப் பார்த்து வளர்ந்த எங்கள் பெற்றோருக்கு இது புதுமையாக இருக்காது என்று நினைக்கிறோம். மழையும் பனியுமான இருட்டில் எழும்பிப் போவதன் அருமை அவர்களுக்குத் தெரியும்.

எதிர்க் கருத்துகளையும் மறைக்க விரும்பவில்லை. "நத்தார் முடிஞ்ச பிறகு ஒளிவிழாவோ? ஆக்கள் சிரிப்பினம்" என்று ஒரு மாமா சொன்னார். சிரிக்கக்கூடும். முதல் ஆண்டு கூட்டம் குறையவும் கூடும். பல்கலைக்கழகத்தில் இருப்பவர்களுக்கு ஜனவரி கடைசியில் பரீட்சைகள் வருகின்றன, அவர்களுக்குப் பெரிய வேடம் கொடுக்க முடியாது. விடுமுறையில் லண்டனுக்கும் பாரிசுக்கும் போகும் குடும்பங்கள் ஒத்திகைக்கு வரமாட்டார்கள். இதற்கு எங்களிடம் முழுமையான பதில் இல்லை. ஒத்திகையை இலையுதிர்கால விடுமுறையில் தொடங்கி, டிசம்பரில் நிறுத்தி, புத்தாண்டுக்குப் பிறகு இரண்டு தடவை பார்த்தால் போதும் என்பது எங்கள் கணக்கு. நடனம் கொஞ்சம் பிசகும். கடந்த ஆண்டு எல்லா ஞாயிறும் ஒத்திகை பார்த்தும் பிசகத்தான் செய்தது.

நிர்வாகக் குழு நவம்பர் நடுப்பகுதியில் கூடுகிறது. எங்கள் கோரிக்கையை எழுத்தில் கொடுத்திருக்கிறோம். பெற்றோரும் மறைக்கல்வி ஆசிரியர்களும் அதற்கு முன் உங்கள் கருத்தைக் குழுவிடம் சொல்லுங்கள், எங்களுக்கு எதிராக இருந்தாலும் பரவாயில்லை. மண்டபத்தை ஜனவரிக்குக் கேட்டுப் பார்த்தோம். டிசம்பரில் ஒரு சனிக்கிழமைக்கு ஓராண்டுக்கு முன்பே பதிய வேண்டும், ஜனவரியில் இரண்டு சனிக்கிழமைகள் இன்னும் வெறுமையாகக் கிடக்கின்றன. குழு என்ன முடிவு எடுத்தாலும், திருவருகைக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு நாலு மணிக்கு ஒத்திகை வைப்பதில்லை என்று நாங்கள் எங்களுக்குள் தீர்மானித்துவிட்டோம். அன்று மண்டபத் திறப்பு எங்களிடம் இருக்காது. குருவானவர் மேலே இருப்பார்.